கீழ் விளிம்பு

தர்னூவ்,
9 மார்ச் 1988

முனைவர் லுத்விகா அவர்களுக்கு,

உங்கள் தம்பி ரோக் எழுதுகிறேன். மூன்று வருடம் எழுதாதவன் இப்போது எழுதக் காரணம் படம் வரைந்த ஒரு லிண்டன் மரப் பலகை.

ஸ்தாரா ஓல்ஷா கோயிலின் புனித தொரோத்தேயா. நீங்கள் செப்பனிட்ட படம். நான் சட்டம் போட்ட படம். மாட்டிய நான்காம் மாதம், 1984 டிசம்பரில், அடியிலிருந்து பிளந்த படம். பாவாடை, ரோஜாக் கூடை, கை, தாடை வரை. “சட்டத்தின் பக்கவாட்டுப் பிடிகள் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருந்ததே காரணம்” என்று அறிக்கையில் எழுதினீர்கள். அந்த ஒரு வாக்கியத்தோடு அரசுப் பட்டறையில் என் வேலை முடிந்தது.

ஜூன் மாதம் க்ரகூவ் அருங்காட்சியகத்தில் கண்காட்சி. தொரோத்தேயாவையும் கேட்டிருக்கிறார்கள், விரிசலோடு. சட்டம் இல்லாமல் பலகை மட்டும் போதுமாம். சட்டத்தை யாராலும் கழற்ற முடியவில்லை. ஆப்புகள் எங்கே மறைந்திருக்கின்றன என்று செய்தவனுக்குத்தான் தெரியும். க்ளெமென்ஸ் சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். அங்கே வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது அவருக்கு.

“நீயே பூட்டுன, நீயே திற. அரசாங்க ஆபீஸ்ல யாராவது கேட்டா நான் உன்னக் கூப்பிடவே இல்லன்னு சொல்லிடுவேன்.”

“பொய் சொல்லலாமா சாமி?”

“பாவசங்கீர்த்தனம்னு ஒண்ணு பின்ன எதுக்கு இருக்கு? ஏணி அங்க இருக்கு, ஏறு.”

ஆப்புகளை எடுத்தேன். பலகை அசைய இடம் விடும் ஸ்பிரிங்குகள் நான் வைத்தபடியே இருந்தன, பின்னால் கார்க் துண்டுகளும். பக்கங்களில் விரல் நகம் தாராளமாக நுழைந்தது. மேலேயும் நுழைந்தது. ஆனால் பலகை வரவில்லை.

கீழே பிடித்திருந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். பலகையின் கீழ் விளிம்புக்கும் சட்டத்தின் பள்ளத்துக்கும் நடுவில் தேன் நிறத்தில் ஒரு கோடு. நாற்பது சென்டிமீட்டர் இருக்கும். பசை. அந்தப் பசைக்குள் வெள்ளையாக ஒரு மெல்லிய காகிதம்.

நான் அங்கே பசை வைக்கவில்லை. பலகையைச் சட்டத்தோடு ஒட்டக்கூடாது என்பது போட்டோவுக்குச் சட்டம் போடுகிறவனுக்குக்கூடத் தெரியும். காகிதம் எது என்று உங்களுக்குத் தெரியும்.

எதையும் தொடவில்லை. ஆப்புகளைத் திரும்ப அடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ரோக்
(இப்போது சட்டம் போடுவது கல்யாண போட்டோ, புது நன்மை வாங்கும் பிள்ளைகள் போட்டோ, நிலைக்கண்ணாடி)


தொருன்,
17 மார்ச் 1988

ரோக்,

கடிதம் கிடைத்தது.

முதலில் ஒன்று. அந்தப் படம் அரசுப் பதிவேட்டில் இருக்கிறது. புராதனச் சின்னங்கள் அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் சட்டத்தைத் திறக்க உனக்கு உரிமை இல்லை. சாமியாருக்கும் இல்லை. இது வெளியே தெரிந்தால் உனக்குத்தான் மேலும் கெடுதல்.

இரண்டாவது. டார்ச் வெளிச்சத்தில் பழைய பசைகள் எல்லாம் ஒரே நிறம். என் மீன்பசையும் உன் எலும்புப் பசையும் நான்கு வருடத்தில் தேன் நிறமாகிவிடும். உன் பட்டறையில் பசைச் சட்டி எப்போதும் வழிந்துகொண்டே இருக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது. அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்கள் மூன்று பேர். நான் மட்டும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது?

லுத்விகா

பி.கு. அந்தக் காகிதத்தின் கிழிந்த ஓரத்தில் இழைகள் நீளமா, குட்டையா?


தர்னூவ்,
24 மார்ச் 1988

முனைவர் அவர்களுக்கு,

நீளம். தலைமுடி போல. கிழிந்த இடத்தில் மீசை மாதிரி நிற்கின்றன, ஜப்பான் காகிதத்தில் நிற்கிற மாதிரி.

பின்குறிப்பில் கேட்டதுதான் உங்கள் கடிதம். மேலே உள்ளது அலுவலகத்துக்கு.

1984இல் கடையில் காகிதப் பைகூடக் கிடைக்காது. மருந்துக் கடையில் பஞ்சு இல்லை. அந்த வருடம் ஒரு சுருள் ஜப்பான் காகிதம் உங்களிடம் இருந்தது. ரோம் நகரிலிருந்து ஒரு கன்னியாஸ்திரி பெட்டிக்கடியில் வைத்துக் கொண்டுவந்தது. அதைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினீர்கள் என்று நான் கேலி செய்தது நினைவிருக்கிறதா? நிறம் உதிரும் இடத்தில் மீன்பசையால் அந்தக் காகிதத்தை ஒட்டுவீர்கள், காயத்துக்குக் கட்டுப் போடுகிற மாதிரி. வேலை முடிந்ததும் வெந்நீரால் நனைத்து உரிப்பீர்கள். எனக்கு ஒரு துண்டு கேட்டேன். “உனக்கு எதுக்குடா, பீடம் தொடைக்கவா?” என்றீர்கள். என் பசைச் சட்டி வழிந்தது உண்மை. என்னிடம் அந்தக் காகிதம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கெனோவேஃபாவிடம் பேசினேன். கோயில் கூட்டுகிற பெண்மணி. படம் மாட்டிய அன்று அங்கே இருந்தவர்.

“ஒங்க அக்காதானே? தெரியாம என்ன. சட்டத்துல வெச்ச பெறகு, மேல மாட்டுறதுக்கு முன்னாடி, எல்லாரும் சாப்பிடப் போயிட்டீங்க. அந்தம்மா போவல. வெந்நி கேட்டாங்க, சட்டியில கொண்டாந்து குடுத்தேன். படத்துக்கு முன்னாடி முட்டி போட்டுக்கிட்டு துணிய நனைச்சு நனைச்சு அடியில ஒத்துனாங்க. நான் ஜெபம் பண்றாங்கன்னு நெனச்சு சட்டியப் புடிச்சுக்கிட்டு நானும் முட்டி போட்டேன். அர மணி நேரம். என் முட்டி போச்சு.”

அவ்வளவுதான் சொன்னார். எதற்காகக் கேட்கிறேன் என்று கேட்கவில்லை.

சட்டத்தில் வைத்த பிறகு நனைத்திருக்கிறீர்கள். முன்னால் இருந்த காகிதம் வந்துவிட்டது. விளிம்பை மடித்துக் கீழே போன காகிதம் வரவில்லை. வெந்நீரில் கரைந்த பசை பள்ளத்தில் இறங்கியது. கீழ் விளிம்பு மரத்தின் வெட்டுவாய், தண்ணீர் குடிக்கிற மாதிரி பசையைக் குடிக்கும். காய்ந்தது. டிசம்பரில், சிகாகோ போன ஊர்க்காரர்கள் அனுப்பிய பணத்தில் வாங்கிய, குளிர் போக்கும் மின் அடுப்புகளைக் கோயிலில் போட்டார்கள். மரம் சுருங்கப் பார்த்தது. மேலே சுருங்கியது. கீழே முடியவில்லை.

விரிசலைச் சோதிக்க வந்த அன்றைக்கே சொன்னேன். பக்கத்தில் இறுக்கியிருந்தால் நடுவில் பிளக்கும், அடியிலிருந்து பிளக்காது என்று. “தச்சன் மரத்தப் பத்திப் பேசட்டும், படத்தப் பத்திப் பேச வேணாம்” என்றார் உங்கள் மூவரில் ஒருவர். நீங்கள் அவர் பக்கத்தில் நின்று பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தீர்கள்.

அம்மாவின் மூட்டு அப்படியேதான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மேஜையில் வழிப்போக்கனுக்கு வைக்கிற காலித் தட்டை நகர்த்தி உங்கள் நாற்காலிக்கு முன்னால் வைத்தார். நான் திரும்ப நகர்த்தினேன். “அது வராதவங்களுக்கு இல்லம்மா, வர்றவங்களுக்கு” என்றேன். அம்மா அதன் பிறகு தன் தட்டிலிருந்த மீனைத் தொடவில்லை.

ரோக்


தொருன்,
4 ஏப்ரல் 1988, ஈஸ்டர் திங்கள்

ரோக்,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதினேன். இது நான்காவது இல்லை. இரண்டாவது.

ஆகஸ்ட் பதினைந்து. மூலிகைத் திருவிழா. பெண்கள் பூங்கொத்தும் தானியக் கதிரும் கொண்டுவருவார்கள், ஆயர் வருவார், படம் மந்திரிக்கப்பட வேண்டும். பழைய சாமியார் தினமும் போன் செய்தார். “அம்மா, புனிதைக்கு கட்டோட நிக்க வெக்கமா இருக்காதா?” லாரி வழியில் நின்றுபோய்ப் பதினான்காம் தேதி மத்தியானம்தான் வந்து சேர்ந்தது. கீழ் ஓரத்தில் நிறம் உதிர்ந்துகொண்டிருந்தது, பயணத்துக்காக அங்கே காகிதம் போட்டிருந்தேன். விளிம்பைச் சுற்றி மடித்து. தொருனில் கற்றுக்கொடுப்பது: காகிதத்தை மேஜையில் உரி, இரண்டு நாள் காயவிடு, பிறகு சட்டம். நான் அதைத்தான் மாணவர்களுக்குச் சொல்கிறேன்.

இரண்டு நாள் இல்லை. சட்டத்தில் வைத்த பிறகு உரிக்கலாம் என்று நினைத்தேன்.

சரி. காகிதம் என்னுடையது.

இன்னொன்று சொல்ல வேண்டும். மே இருபதாம் தேதி ஆசிரியர் குழு கூடுகிறது. பலகை ஓவியத் துறைத் தலைமைக்கு என் பெயர். ஒரே பெயர். பதினாறு வருடம் காத்திருந்தது. அதற்கு முன்னால் இது வெளியே வந்தால் எல்லாம் போய்விடும்.

மே இருபதுக்குப் பிறகு நானே அலுவலகத்தில் பேசுகிறேன். உன்னைக் கைவினைஞர் பதிவேட்டில் திரும்பச் சேர்க்கச் சொல்கிறேன். துறைத்தலைவர் சொன்னால் கேட்பார்கள். இப்போது சொன்னால் யார் கேட்பார்கள்? இதை யோசித்துப் பார்.

மீன்பசைக்கு வெந்நீர் போதும், உனக்குத் தெரியும். சூடான ஈரத்துணியைப் பத்து பத்து நிமிடமாக வைத்தால் விட்டுவிடும். பிறகு துடைத்தால் ஒன்றும் தெரியாது. பலகைக்கும் அதுதான் நல்லது. ஜூனுக்குள் எப்படியும் அதை எடுத்தாக வேண்டும்.

நான் கேட்பது ஆறு வாரம்.

லுத்விகா

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். அசிங்கமாக இருக்கிறது. ஆனால் அனுப்புகிறேன்.


தர்னூவ்,
12 ஏப்ரல் 1988

அக்கா,

பார்சலில் இருப்பது சட்டத்தின் உள்பக்கக் கீழ் ரீப்பர். ஓக். நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். நீ சொன்ன மாதிரி ஈரத்துணி வைத்தேன். நான்கு முறை. பலகை விட்டது. காகிதமும் பசையும் ரீப்பரோடு நின்றுவிட்டன. அந்தத் துண்டை மட்டும் அறுத்து எடுத்தேன். பலகையில் ஒரு துளி நிறம்கூடப் போகவில்லை.

இந்த முறையும் வெந்நீர்ச் சட்டியைப் பிடித்தது கெனோவேஃபாதான். “ஒங்க குடும்பத்துக்கே இந்தப் படத்தக் குளிப்பாட்டுறதுதான் வேலையா?” என்றார்.

பென்சிலில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பாய். சட்டம் செய்கிறவர்கள் பள்ளத்துக்குள், யாரும் பார்க்காத இடத்தில், பெயர் எழுதுவார்கள். “ரோக், ஆகஸ்ட் 84.” உன் காகிதம் என் பெயரின் கடைசி எழுத்தின் மேல் ஒட்டியிருக்கிறது.

நான் போட்டோ எடுக்கவில்லை. சாமியாரிடம் பசை என்று சொல்லவில்லை. மரம் கெட்டுப்போயிருந்தது என்றேன். கெனோவேஃபா பார்த்தது ஜெபம், உன் ஈஸ்டர் கடிதமும் இந்தப் பார்சலிலேயே இருக்கிறது, வேறு சாட்சி கிடையாது. அலுவலகத்துக்கு நான் எழுதினால் வேலை போன தச்சன் நான்கு வருடம் கழித்துப் புளுகுகிறான் என்பார்கள்.

ஆறு வாரம் கேட்டாய். முழுதாகவே கொடுத்துவிட்டேன். உன் வீட்டிலும் அடுப்பு இருக்கிறது. ஓக் நன்றாக எரியும்.

ரோக்


தொருன்,
21 ஏப்ரல் 1988

ரோக்,

ரீப்பர் ஆறு நாளாக மேஜைமேல் இருந்தது. அதைச் சுற்றித்தான் சாப்பிட்டேன்.

நேற்று அடுப்பு மூடியைத் திறந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முகம் காய்ந்தது. பிறகு மூடிவிட்டேன். இதைச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் எல்லாவற்றையும் எழுதுவதாக இருந்தால் இதையும் எழுத வேண்டும்.

எல்லாவற்றையும் என்றால் இதுவும்.

1984 டிசம்பர் பத்தொன்பது. நாங்கள் மூன்று பேர் படத்தைப் பார்க்க வந்தோம். மற்ற இருவரும் ஜன்னலருகில் நின்று சிகரெட் பற்றவைத்தார்கள். நீ ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாய். நான் தகட்டுக் கத்தியைப் பலகையைச் சுற்றி விட்டுப் பார்த்தேன். இடது பக்கம் போனது. வலது பக்கம் போனது. மேலே போனது.

கீழே போகவில்லை.

மறுபடி வைத்தேன். போகவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது. காகிதம், வெந்நீர், கெனோவேஃபாவின் சட்டி, எல்லாம். ஏணியின் நான்காவது படியில் நின்றுகொண்டு தெரிந்துகொண்டேன். நீ கீழிருந்து கேட்டாய்: “என்னக்கா, எங்கயாச்சும் புடிக்குதா?”

“ஒண்ணுமில்லடா” என்றேன்.

அறிக்கையில் அது இருக்கிறது. மூன்றாம் பக்கம், கடைசி வரிக்கு முந்தின வரி. “கீழ் விளிம்பு: சோதிக்கப்படவில்லை.” கத்தி போகாதது எனக்கு மட்டும்தான் தெரியும், பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் அப்படி எழுதினேன்.

பக்கவாட்டுப் பிடி என்று முதலில் சொன்னது நான் இல்லை. சிகரெட்காரர்களில் ஒருவர். நான் மறுக்கவில்லை. பிறகு எழுதும்போது அது என் வாக்கியமாகிவிட்டது. பிறகு ஒரு கட்டுரையாகிவிட்டது. இரண்டாம் ஆண்டு வகுப்பில் அந்த விரிசலின் படத்தைக் காட்டுகிறேன். போன இலையுதிர் காலத்தில் ஒரு பெண் கை தூக்கினாள்.

“மேடம், இது கீழருந்துதானே ஆரம்பிச்சிருக்கு? பக்கத்துல இறுக்குனா நடுவுல இல்ல வரணும்?”

“நல்ல கேள்வி. அடுத்த வாரம் பாப்போம்.”

அடுத்த வாரம் வேறு படம் காட்டினேன். அவள் மறுபடி கேட்கவில்லை. ஆனால் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது, எதைச் செய்தாலும் பின்னால் வருபவர் அதைப் பிரித்தெடுக்க முடிகிற மாதிரி செய் என்பது. பசை கரைய வேண்டும். நிறம் கழுவ வர வேண்டும். நிரப்பிய இடத்தைக் கிட்டே போனால் நிரப்பியது என்று தெரியும்படி மெல்லிய கோடுகளால் போடு, தூரத்தில் ஒன்றாகத் தெரியட்டும், கிட்டே வந்தவரை ஏமாற்றாதே. இதைப் பதினாறு வருடமாகச் சொல்கிறேன். உனக்குச் செய்ததைப் பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை.

இத்துடன் இதையெல்லாம் எழுதிய என் வாக்குமூலத்தின் கார்பன் நகல். மூலம் இன்று காலை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் போய்விட்டது, ரீப்பரோடு. இன்னொரு நகல் ஆசிரியர் குழுவுக்கு. பலகையைச் சட்டத்திலிருந்து எடுத்தது நான் கேட்டதன்பேரில் என்று எழுதியிருக்கிறேன். ஈஸ்டர் கடிதத்தில் கேட்டேன், எனவே உண்மைதான். மார்ச்சில் நீ திறந்தது பற்றி எழுதவில்லை. அதை நீ எழுதினால் எழுதிக்கொள்.

மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன். பார்க்க நன்றாக இல்லை. அடித்துவிட்டேன்.

லுத்விகா


தர்னூவ்,
2 மே 1988

அக்கா,

நகலைப் படித்தேன். அம்மா என்ன என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். “எல்லாத்தையுமா எழுதிட்டா? ஏணியக்கூடவா?” என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. முன்பு வந்ததைவிட. உனக்குத் தெரியாமல் நடந்தது என்று நினைத்திருந்தேன். தப்பு என்று நினைத்திருந்தேன். தப்பு செய்யாத கை யாருக்கு இருக்கிறது? ஒரு முறை பாதி வட்டாரத்துக்கும் சேர்த்து இருந்த தங்க ரேக்கை நான் தும்மிப் பறக்கவிட்டேன். ஆனால் ஏணியில் நின்றுகொண்டு உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், நீ விழக்கூடாது என்று.

இதற்குப் பதில் எழுதாதே. கொஞ்ச நாள் வேண்டும்.

மார்ச்சில் திறந்ததை நானே அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். சாமியாருக்குக் கோபம். “நான் கூப்பிடவே இல்லன்னு சொல்ல ஒரு வாய்ப்பு குடுத்திருக்கலாம்ல?” என்கிறார்.

ரோக்


தொருன்,
30 மே 1988

ரோக்,

பதில் எழுதாதே என்றாய். இது பதில் இல்லை, செய்தி.

குழு கூடியது. என் பெயர் நீக்கப்பட்டது. ஒரு வருடம் பலகை ஓவியங்களைத் தொடக்கூடாது. வகுப்பு எடுக்கலாம். வெள்ளிக்கிழமை அந்த விரிசலின் படத்தை மறுபடி காட்டினேன். என்ன நடந்தது என்று சொன்னேன். கடைசி வரிசைப் பெண் குறிப்பு எடுக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே போகும்போது மேஜையருகில் நின்று, “வெந்நீர் எவ்வளவு சூடு மேடம்?” என்று கேட்டாள். சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

அலுவலகம் உன்னைப் பதிவேட்டில் சேர்க்கிறது. கடிதம் வரும். மூன்றரை வருடத்தை அவர்களால் தர முடியாது. என்னாலும்.

தொரோத்தேயாவின் விரிசலை நிரப்ப வேறு ஒருவரை அனுப்புவார்கள். நல்ல கை. கிட்டே போனால் கோடு தெரியும்படி செய்வார்.

அம்மாவிடம் சொல், மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான் போலிருக்கிறது.

லுத்விகா


தர்னூவ்,
6 செப்டம்பர் 1988

அக்கா,

படம் கண்காட்சியிலிருந்து வந்துவிட்டது. விரிசலையும் அங்கேயே நிரப்பிவிட்டார்கள். பத்தடி தூரத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிட்டே போனால் கூடையில் ரோஜாக்களுக்கு நடுவே மெல்லிய செங்குத்துக் கோடுகள். மழை பெய்கிற மாதிரி இருக்கிறது. கெனோவேஃபாவுக்குப் பிடிக்கவில்லை. “காசு குடுத்து கோடு போடுவாங்களா?” என்கிறார்.

சட்டத்தில் வைப்பதற்கான அலுவலக உத்தரவு என் பெயருக்கு வந்திருக்கிறது. அதில் ஒரு வரி: “இருவர் தேவை.” யார் என்று எழுதவில்லை. சாமியார் தோட்டக்காரனை அனுப்புகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

உனக்குப் பலகையைத் தொட ஒரு வருடம் தடை. ஆனால் சட்டத்தைப் பிடிக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உத்தரவை இரண்டு முறை படித்தேன்.

கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். இருக்கிறது. காலையில் எழும்போது இருக்கிறது, சட்டத்தில் தங்க ரேக்குக்கு அடியில் செம்மண் பூசும்போது கொஞ்சம் மறந்துபோகிறது. வந்தால் நான் அதிகம் பேச மாட்டேன். அம்மா பேசுவார். முட்டைக்கோஸ் உருண்டை செய்வதாகச் சொல்லியிருக்கிறார், உனக்கு என்று சொல்லவில்லை.

பதினேழாம் தேதி சனிக்கிழமை தர்னூவிலிருந்து ஏழு பத்துக்கு பஸ். கோயில் வாசலில் இறங்கலாம்.

கீழே புது ரீப்பர் போட்டிருக்கிறேன். பலகைக்கும் அதற்கும் நடுவில் மூன்று மில்லிமீட்டர் விட்டிருக்கிறேன். அடுப்புகளை டிசம்பரில் மறுபடி போடுவார்கள். பலகை சுருங்கும். வசந்தத்தில் விரியும். சுருங்கட்டும், விரியட்டும்.

வந்ததும், மேலே மாட்டுவதற்கு முன்னால், உன் கத்தியைக் கீழ் விளிம்பில் விட்டுப் பார். இந்த முறை நான் ஏணியில் நிற்கிறேன். நீ கீழே ஏணியைப் பிடித்துக்கொள்.

ரோக்